மன்னார்குடி பழைய வீட்டு ஒயரிங்: டி.பி. பாக்ஸ் மட்டும் மாற்றினால் போதுமா, மொத்தமாகப் பிரிக்கணுமா?

மன்னை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடியில் தாத்தா 1957இல் கட்டிய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று ஒரே நீளமாகப் போகும். கூடத்துக்கு மேலே தேக்கு உத்திரம் போட்ட மெட்ராஸ் டெரஸ், அடுக்களைக்கு அந்தப்பக்கம் ஓடு. அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 71. இரண்டு பேரும் அங்கேதான் இருப்போம் என்கிறார்கள். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன்.

ஒயரிங் விஷயம் இப்படி. கூடத்தில் மரப்பட்டை அடித்து அதன்மேல் கிளிப் போட்டு ஓடும் பழைய ரப்பர் ஒயர். உருண்டையான கறுப்பு சுவிட்சுகள். ரேழியில் மரப்பலகை மெயின் போர்டு, அதில் பீங்கான் கட்-அவுட் (ஃபியூஸ்) வரிசை. 80களில் மாடியில் கட்டிய இரண்டு அறைக்கு பி.வி.சி. ஒயர், ஆனால் உள்ளே வெள்ளைக் கம்பி, அதாவது அலுமினியம். கீசர் பிற்பாடு வந்தது. ஃபேன் பாயின்ட்டிலிருந்து இழுத்திருக்கிறார்கள். இப்போது அப்பா அறைக்கு ஏ.சி. வேண்டும்.

அம்மா கிரைண்டர் போடும்போது மணைப்பலகை மேல் ஏறி நின்றுதான் மாவைத் தள்ளுவார். "லேசா சுரீர்னு இருக்கும், அவ்வளவுதான்" என்பார். மாடியில் எல்.இ.டி. பல்பு சுவிட்சை அணைத்த பிறகும் ராத்திரி முழுக்க மங்கலாக எரிகிறது. 2018 கஜா புயலில் டெரஸ் ஒழுகியதிலிருந்து கூடத்து சீலிங் ரோஸ் (கூரையில் ஃபேன், விளக்கு ஒயர் இணையும் வட்ட மூடி) ஒன்றைச் சுற்றிப் பழுப்புக் கறை. மழை வந்தால் அங்கே சடசடவென்று சத்தம் கேட்கிறது.

மூன்று எலக்ட்ரீஷியன்கள் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் ரேழியைத் தாண்டவே இல்லை. மெயின் போர்டைப் பார்த்துவிட்டு, எம்.சி.பி. (லோடு கூடினால் விழும் சுவிட்ச்), ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) வைத்த டி.பி. பாக்ஸ் (கரண்டை லைன் லைனாகப் பிரிக்கும் பெட்டி) போட்டுத்தருகிறேன், 18 ஆயிரம், மற்றதெல்லாம் ஓடுகிறவரை ஓடட்டும் என்றார். இரண்டாவது ஆள் சுவரெல்லாம் வெட்டி முழு கன்சீல்டு, பொருளோடு சேர்த்து இரண்டு லட்சத்துக்குப் பக்கம். மூன்றாமவர் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங் ரோஸைக் கழற்றிப் பார்த்தார், கொல்லைக்குப் போய்க் கிணற்றடியைப் பார்த்தார், மெக்கர் (ஒயரின் மேலுறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வருகிறேன், அதற்கு முன்னால் விலை சொல்ல முடியாது என்று போய்விட்டார். அப்பாவுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. "ஒரு ரேட்டுகூடச் சொல்லத் தெரியாதவன் என்ன எலக்ட்ரீஷியன்?"

வீட்டில் எர்த் இருக்கிறது என்று அப்பா அடித்துச் சொல்கிறார். மெயின் போர்டிலிருந்து ஒரு கம்பி சுவரோரமாகக் கொல்லை வரை போவது உண்மைதான். யாரிடம் வேலையைக் கொடுப்பது? சுண்ணாம்புக் காரைச் சுவரை வெட்டலாமா?

காவிரிக்கரை:

60 வருஷத்துக்கு மேல ஓடின ஒயரிங் இனிமேலா கெட்டுப்போகப் போகுது? அந்தக் காலத்துச் செம்பு தங்கம் மாதிரி. டி.பி. பாக்ஸ் ஒண்ணு போட்டா ஷாக் அடிச்சா தானா கட் ஆயிடும். 18 ஆயிரத்துல முடியுறதுக்கு எதுக்கு இரண்டு லட்சம்?

ஓய்வு போர்மேன்:

மேலே நண்பர் செம்பு கெடவில்லை என்கிறார். செம்பு கெடாதுதான். அதன்மேல் இருக்கும் ரப்பர்தான் கெடுகிறது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவன் நான், டெல்டாவில் இந்த மாதிரி வீடுகள் நிறையப் பார்த்தவன். (அம்மா, உங்கள் வீட்டுக்கும் வாரியத்துக்கும் ஒரே வயசு. அன்றைய மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் தொடங்கியதும் 1957 ஜூலைதான்.)

மரப்பட்டை மேல் ஓடுவது சி.டி.எஸ். என்ற ரப்பர் ஒயர். சுவரோரம் ஓடும் இடத்தில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். சீலிங் ரோஸுக்குள்ளும் ஹோல்டருக்குள்ளும் பாருங்கள். குண்டு பல்பு சூடு வருஷக்கணக்கில் பட்டு ரப்பர் விறைத்துப் போயிருக்கும், விரலால் லேசாக மடக்கினாலே பொடிப்பொடியாக உதிர்ந்து செம்பு தெரியும். அதனால்தான் அந்த மூன்றாவது தம்பி ஸ்டூல் போட்டு ஏறினார். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள், வந்த மூவரில் அவர் ஒருவர்தான் வீட்டைப் பார்த்தார். மற்ற இருவரும் போர்டையும் சுவரையும் பார்த்தார்கள். திறந்து பார்க்காமல் விலை சொல்பவர் இஷ்டத்துக்கு ஒரு தொகையைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

பழுப்புக் கறை இருக்கும் சீலிங் ரோஸ் காத்திருக்காது. சடசட சத்தம் உள்ளே நெருப்புப் பொறி பறப்பது. அந்த லைனின் ஃபியூஸ் கேரியரை இன்றைக்கே பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். கூடத்துக்கு டேபிள் ஃபேன் போட்டுக்கொள்ளலாம்.

18 ஆயிரம் ரூபாய் பெட்டி போட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே ஒரு வேலை. ஃபேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரல் வழியாகத் திரும்பியதா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கட் பண்ணும். உங்கள் வீட்டு ரப்பர் ஒயரில் ஈரம் ஏறியிருக்கிறது, பத்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கூட்டினால் 30ஐத் தொட்டுவிடும். முதல் மழைக்கே ட்ரிப் ஆகும், அப்பா போன் போடுவார், பெட்டி போட்டவர் வந்து ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் பண்ணி நேராக இணைத்துவிட்டு "இப்போ சரியாயிடுச்சு சார்" என்பார். பெட்டி சுவரில் அழகாக இருக்கும். காவல் இருக்காது. இப்படிப் பல வீட்டில் பார்த்துவிட்டேன்.

எம்.சி.பி.யிலும் இதே கதை நடக்கும். மெலிந்த 1/18 கம்பியில் (18 கேஜ், ஒற்றை இழை), ஃபேன் பாயின்ட்டிலிருந்து இழுத்த கீசர் ஓடுகிறது. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும். 10 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் விழும். விழுகிறது என்று 32 போடுவார்கள். அப்புறம் எம்.சி.பி. விழாது, சுவருக்குள் ஒயர்தான் உருகும். எம்.சி.பி. அளவு ஒயருக்குத் தகுந்தது, சாமானுக்குத் தகுந்தது இல்லை.

அடுத்து எர்த். அந்தக் கம்பி கொல்லையில் எங்கே போய் முடிகிறது என்று யாராவது குனிந்து பார்த்தீர்களா? அந்தக் காலத்தில் கிணற்றடி இரும்புக் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு எர்த் என்று விட்டுவிடுவார்கள். குழாய் மண்ணுக்குள் நீளமாக ஓடியதால் ஓரளவு வேலையும் செய்தது. பிற்பாடு இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டிருப்பார்கள். கம்பி இருக்கும், எர்த் இருக்காது. கிரைண்டர் "சுரீர்" என்பதைப் பார்த்தால் உங்கள் வீட்டிலும் அதுதான் என்று படுகிறது.

எர்த் இல்லாமலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனால் அம்மா கை பட்ட பிறகுதான் செய்யும். எர்த் சரியாக இருந்தால் கசிவு அந்த வழியே மண்ணுக்குப் போய், கை வைப்பதற்கு முன்னாலேயே கட் ஆகிவிடும். ஆகவே முதல் செலவு கொல்லையில் குழி தோண்டுவதற்கு. 2.5 மீட்டர் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), கரியும் உப்பும், மேலே தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி. மன்னார்குடிக் களிமண்ணில் எர்த் நன்றாகவே கிடைக்கும், சித்திரை வைகாசியில் மண் வெடிக்கும்போது தண்ணீர் ஊற்ற மறக்கக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. "எர்த் இல்லையா, பரவாயில்லை" என்று பிளக் சாக்கெட்டின் உள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெஸ்டர் வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும். கம்பத்திலோ மெயினிலோ நியூட்ரல் அறுந்தால் அந்த நிமிஷமே ஃப்ரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் நிற்கும். அப்படிச் செய்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மங்கலாக எரியும் பல்பு: பெரும்பாலும் சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அணைத்தாலும் ஹோல்டரில் ஃபேஸ் நிற்கும். அதைச் சரிசெய்யும்வரை மாடியில் பல்பு மாற்றுவதானால் மெயினை இறக்கிவிட்டு மாற்றுங்கள். பீங்கான் கட்-அவுட் நியூட்ரலிலும் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அந்தக் காலத்தில் இரண்டிலும் ஃபியூஸ் வைப்பது வழக்கம். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு எரியாது, கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்போம்.

தஞ்சை ஒயர்மேன்:

போர்மேன் ஐயா சொன்னதுக்கு மேல எர்த் பத்தி சொல்ல எதுவும் இல்ல. நான் சுவரு விஷயமும் காசு விஷயமும் சொல்றேன் அக்கா.

சுண்ணாம்புக் காரைச் சுவத்துல கட்டிங் மெஷின் வெச்சா ஒரு இஞ்சு காடி கேட்டா நாலு இஞ்சு கொட்டும். அப்புறம் அதை சிமென்ட் வெச்சுப் பூசுவாங்க, அது பழைய காரையோட ஒட்டாம ஒரு வருஷத்துல பட்டையாப் பிரியும். மெட்ராஸ் டெரஸ்ல மேல கை வைக்கவே கூடாது. செங்கல்லை நட்டுக்குத்தா வெச்சு அடுக்கினது அது, பைப் விடுறேன்னு கொத்தினா ஒழுகுறது இன்னும் ஜாஸ்தியாகும். அந்த இரண்டு லட்சத்துக்காரர் புது பிளாட்டுல வேலை பார்த்த பழக்கத்துல சொல்றார்னு நினைக்கிறேன். கூடத்துல உத்திரத்தோட பக்கவாட்டுல பி.வி.சி. கேசிங் (ஒயரை உள்ள வெச்சு மூடுற பட்டை) அடிச்சு, மரக்கலர்ல பெயின்ட் அடிச்சா கீழ நின்னு பாத்தா தெரியாது. மாடி 80ல கட்டினது, சிமென்ட் சுவரா இருந்தா அங்க மட்டும் கன்சீல்டு பண்ணிக்கலாம். ஓட்டுப்பக்கம் எலி வரும், அங்க கட்டாயம் பைப்புக்குள்ளதான் ஒயர் போகணும்.

ஒயர் அளவு, ஸ்கொயர் எம்.எம்.ல: லைட், ஃபேனுக்கு 1.5. பதினாறு ஆம்பியர் பிளக்குக்கு 2.5. ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியா 4, டி.பி.யில இருந்து நேரா, நடுவுல எங்கயும் ஜாயின்ட் போடக்கூடாது. மெயினுக்கு 6 இல்லாட்டி 10. எல்லாத்தோடயும் பச்சை ஒயர் (எர்த்) கூடவே ஓடணும். பழைய ஆளுங்க இன்னும் 3/20, 7/20ன்னு கேஜ் கணக்குல பேசுவாங்க. 3/20ங்கிறது ஏறக்குறைய 2 ஸ்கொயர் எம்.எம்., 7/20 நாலரைக்குப் பக்கம். ரேட் எழுதும்போது ஸ்கொயர் எம்.எம்.லயே எழுதிக் கேளுங்க, அப்பதான் கடையில ஒப்பிட முடியும்.

மாடி அலுமினியத்தை விட்டு வெக்காதீங்க. ஸ்க்ரூல இறுக்கினா கொஞ்ச நாள்ல தானா நெகிழ்ந்து கொடுக்கும், காத்து பட்டு மேல ஆக்ஸைடு படியும். அதோட செம்பை முறுக்கி டேப் சுத்தினா அந்த ஜாயின்ட்டுதான் முதல்ல சூடாகும். ஸ்விட்ச் பாக்ஸ் திறந்தா கருகின வாடை வந்தா அதுதான்.

காசு. பாயின்ட் ரேட்ல பேசினீங்கன்னா பாயின்ட்னா என்னன்னு முதல்லயே எழுதிக்குங்க. ஒரு போர்டுல ஆறு சுவிட்ச் இருந்தா ஒரு பாயின்ட்டா ஆறா? டூ-வே (ஒரே விளக்கை இரண்டு இடத்துல இருந்து போடுறது) எவ்வளவு? இங்கதான் கடைசியில சண்டை வரும். பொருளை நீங்களே வாங்குங்க. நான் சொல்றது எங்க ஆளுங்களுக்கே பிடிக்காது, ஆனா கடையில எங்களுக்கு ஒரு கமிஷன் உண்டு, அது உங்க பில்லுலதான் இருக்கும். 90 மீட்டர் காயிலா வரும், ஐ.எஸ்.ஐ. முத்திரை ஒயர் மேலயே அச்சடிச்சிருக்கும். மீந்த துண்டெல்லாம் வேலை முடியுறவரை வீட்டுலயே இருக்கட்டும்.

அப்புறம் யாரு வேலை செய்வாங்கன்னு கேளுங்க. பேச வர்றவர் ஒருத்தர், சுவத்துல ஏறுறது போன மாசம் சேர்ந்த பையன். பல்பு, ஃபேன், சுவிட்ச், ஃபியூஸ் மாத்துறதுக்கு லைசென்ஸ் தேவையில்ல. ஆனா ஒயரிங் வேலை லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டர்தான் எடுக்கணும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் கூட நின்னு பாக்கணும். கிண்டியில இருக்கிற மின் உரிம வாரியம் தர்ற சான்றிதழ். "காட்டுங்க தம்பி"ன்னு கேக்கறதுல தப்பே இல்ல. இருக்கிறவன் சந்தோஷமா காட்டுவான்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதி:

இதே கூத்தை எங்கள் மாமனார் வீட்டில் பார்த்தவள். ஒயரிங்கைவிட மாமனாரைச் சமாளித்ததுதான் பெரிய வேலை. அந்த உருண்டை சுவிட்சை எடுக்கவே விடமாட்டேன் என்றார். கடைசியில் திண்ணையில் ஒன்றை மட்டும் இணைப்பு இல்லாமல் அப்படியே விட்டுவைத்தோம், இன்னும் போகும்போதும் வரும்போதும் தட்டிப் பார்க்கிறார்.

யாரும் சொல்லாத ஒன்று: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? எங்கள் வீட்டில் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருந்தது. இன்வெர்ட்டர் போட்டவர் ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலை வீடு முழுக்கப் பொதுவாக விட்டிருக்கிறார். ஒரு வழியில் போய் இன்னொரு வழியில் திரும்பினால் அது கசிவு என்றுதான் நினைக்கும். இன்வெர்ட்டர் லைனுக்கு ஃபேஸும் நியூட்ரலும் தனியாக இழுத்த பிறகுதான் நின்றது. பூச்சு வேலைக்கு முன்னால் சொன்னால் இரண்டு ஒயர் செலவு. பின்னால் சொன்னால் சுவர் செலவு.

வயதானவர்கள் வீட்டில் இருக்கும்போதே வேலை நடக்கும் என்றால் பாதி பாதியாகச் செய்யச் சொல்லுங்கள். முதலில் அடுக்களை, குளியலறை, மோட்டார். அப்புறம் கூடம். மாலை ஆறு மணிக்கு ஃபேனும் ஒரு விளக்கும் ஓடியே ஆகணும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பைப் மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாமி படத்துக்கு ஆணி அடிக்க ஆள் வரும்போது தெரியும்.

மன்னை மகள்:

எல்லோருக்கும் நன்றி. சீலிங் ரோஸ் லைன் ஃபியூஸை அன்றைக்கே பிடுங்கியாகிவிட்டது, சாவி அம்மாவிடம். மூன்றாமவர் மெக்கரோடு வந்தார், போர்மேன் ஐயா சொன்னபடியே கூடத்து லைனில் கசிவு இருக்கிறது, ஒரு மெகாஓம்கூடக் காட்டவில்லை. எர்த் கம்பியைப் பின்தொடர்ந்து போனோம். கிணற்றடியில் முழம் நீளத்துக்கு ஒரு இரும்புக் குழாய்த் துண்டு சுவரில் நிற்கிறது, அதில் கிளாம்ப், கிளாம்பில் கம்பி. குழாய்க்குக் கீழே ஒன்றுமில்லை, பக்கத்தில் வெள்ளை பி.வி.சி. போகிறது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அந்தப் பையனையே வரச்சொல்லு" என்றார்.

இன்வெர்ட்டர் இருக்கிறது, பொது நியூட்ரல்தான். இரண்டு சந்தேகம் பாக்கி. ஏ.சி. வந்தால் இ.பி.யில் லோடு ஏற்றணுமா? மெயின் போர்டை ரேழியிலிருந்து உள்ளே தள்ளி வைக்கலாம் என்கிறார், மீட்டரையும் அவரே நகர்த்திவிடுவாரா?

ஓய்வு போர்மேன்:

மீட்டரை அவர் தொடவே கூடாது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வாரியத்தின் சொத்து, சீலை உடைத்தால் அவருக்கும் வம்பு உங்களுக்கும் வம்பு. மீட்டர் அங்கேயே இருக்கட்டும். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஐசொலேட்டர் (மொத்தமாக நிறுத்தும் மெயின் சுவிட்ச்) வைத்துவிட்டு, அங்கிருந்து டி.பி.யை உள்ளே கொண்டுபோகலாம். அதற்கு சப்ளையை நிறுத்தணும் என்றால் பிரிவு அலுவலகத்தில் சொன்னால் ஆள் அனுப்புவார்கள். அங்கே யாரும் போன் எடுக்காவிட்டால் வாரியத்தின் புகார் மையம் மின்னகம் 94987 94987.

லோடு ஏற்றத்தான் வேண்டும். ஏ.சி., கீசர், மோட்டார் மூன்றையும் கூட்டி எவ்வளவு கிலோவாட் என்று தம்பியை எழுதித்தரச் சொல்லி, கூடுதல் லோடுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பியுங்கள். த்ரீ ஃபேஸுக்குப் போக வேண்டி வந்தால் டி.பி.யும் ஒயர் கணக்கும் மாறும். அதனால் பெட்டி வாங்குவதற்கு முன்னால் இதை முடிவு பண்ணுங்கள், வாங்கிய பிறகு வேண்டாம்.

வேலை முடிந்த அன்று கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று காரியம். மெக்கர் வைத்து லைன் லைனாக அளந்ததைத் தாளில் எழுதி வாங்குங்கள். எர்த் டெஸ்டர் வைத்துக் குழியின் ஓம் என்ன என்று காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை அவர் அமுக்கக்கூடாது, அப்பாவை அமுக்கச் சொல்லுங்கள். மாசம் ஒருமுறை அவர்தானே அதை அமுக்கப் போகிறார்.